என் இனிஷியல் சீமையில் அச்சான கதை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்தது. அதன்பிறகு நான் உண்டாக்கியவற்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கிணறு வெட்டுகிற இடத்தில் மண்கூடை சுமந்த தலை இது. அந்தத் தலையை வைத்துக்கொண்டே கம்ப்ரஷர் வண்டியில் உதவியாளாகச் சேர்ந்தேன். பாறைக்கு வெடி வைக்கப் பழகினேன். பிறகு பங்குக்கு ஒரு ரிக் லாரி, போர்வெல் துளை போடுகிற வண்டி, பிடித்தேன். முதலில் போட்ட குழிகளில் எல்லாம் புழுதிதான் பறந்தது. பங்காளி பயந்து விலகினான், நான் விலகவில்லை. சங்ககிரி ரோட்டோரம், ஒரு சொட்டுகூடக் கிடைக்காது என்று எல்லோரும் கைகழுவிய காட்டில் தண்ணீரைப் பீய்ச்சியடிக்க வைத்தேன். பேங்க்காரர் என்னை உட்காரச் சொல்லாத காலத்தில் இரண்டாவது ரிக் வாங்கினேன். ஓட்டு வீடு மச்சு வீடானது. தேருக்கு வருகிற சனங்களுக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்டினேன். திருச்செங்கோட்டில் இன்று தெருவுக்குத் தெரு ரிக் வைத்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் என் வண்டியில் ராடு மாட்டிப் பழகியவர்கள்.

கடைசியாக ஒரு டாக்டரையும் உண்டாக்கினேன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, எழுதுகிற டாக்டர். அந்தக் கடைசி வேலை பாதியில் நின்றுபோகும் என்ற நிலை வந்தபோதுதான் நான் சீமைக்குப் போனேன்.

பாவாயி என் ஒரே மகள். சேலத்தில் ஒரு பட்டம், மெட்ராசில் ஒரு பட்டம், இரண்டும் கெமிஸ்ட்ரி. பிறகு உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஸ்காட்லாந்துக்கு ஆராய்ச்சி படிக்கப் போய்விட்டாள். அவள் எடுத்துக்கொண்ட விஷயம் நம் தண்ணீர். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் சில ஊர்களில் பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்து மறுபல் முளைக்கும்போதே காவி ஏறி முளைக்கும். புளோரைடு என்று ஓர் உப்பு, அதுதான் காரணம். அது எந்தத் துளையில் எவ்வளவு இருக்கிறது, ஆழம் போகப்போகக் கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் அவள் படிப்பு. சீமைக்குப் போகும்போதே கிணறு கிணறாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிருந்தாள்.

ஒருநாள் கடிதம் வந்தது: “அப்பா, முதல் பேப்பர் போடப் போறேன்.” அதை நான் பெருமையோடு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சொல்லிவிட்டேன். கடைக்காரர் கந்தசாமிக்கு வாய் சும்மா இருக்காது.

“ஏனுங்க மாமா, பேப்பர் போடறதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போச்சு புள்ள? இங்க பேப்பர் ஏஜெண்டு ஆளில்லாமத் தவிக்கறானுங்க. சைக்கிளும் அவனே குடுப்பானுங்க!”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் சிரிக்கவில்லை. பேப்பர் என்றால் கண்டுபிடித்ததை எழுதி, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாம் படிக்கிற புத்தகத்தில் அச்சேற்றுவது என்று அடுத்த கடிதத்தில்தான் எனக்குப் புரிந்தது. அந்தக் கடிதத்திலேயே கெட்ட செய்தியும் இருந்தது. அனுப்பிய பேப்பர் திரும்பி வந்துவிட்டது. படித்துப் பார்த்த இரண்டு பேர், “எல்லாத் தண்ணீரும் மழைக்குப் பிறகு பிடித்தது. கோடையில் என்ன ஆகிறது? அதைச் சொல்லாமல் ஏற்க முடியாது” என்று எழுதிவிட்டார்கள். யார் அந்த இரண்டு பேர் என்று கேட்டு எழுதினேன். பேர் சொல்ல மாட்டார்களாம். பேர் சொல்லாமல் குறை எழுதுகிறவனை எங்கள் ஊரில் மொட்டைக் கடுதாசிக்காரன் என்போம். “அவங்கதானுங்கப்பா எனக்கு இப்ப வாத்தியாரு” என்று பதில் போட்டாள்.

வருஷக் கடைசியில் உதவித்தொகை தீர்ந்துவிடும். அதற்குள் பேப்பர் ஏற்கப்படாவிட்டால் பாதியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊருக்குப் போய் எழுதுகிறேன் என்று போனவர்கள் யாரும் எழுதியதில்லை என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். அதே கிணறுகளில் கோடைத் தண்ணீர் வேண்டும். கண்ணாடி பாட்டில் கூடாது, பிளாஸ்டிக்தான். மோட்டாரை ஓடவிட்டுக் குழாயில் நிற்கிற பழைய தண்ணீரைக் கழிக்க வேண்டும். பாட்டிலை அதே தண்ணீரில் அலச வேண்டும். காற்றுப் புகாமல் கழுத்துவரை பிடித்து, மூடியைச் சுற்றி மெழுகு வைக்க வேண்டும். இதெல்லாம் அவள் எழுதியபடி.

முதலில் தபால் ஆபீசுக்குப் போனேன். “தண்ணியெல்லாம் தபால்ல எடுக்கறதில்லைங்க” என்றார் போஸ்ட்மாஸ்டர்.

“அப்ப நானே தபாலுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சித்திரை வெயிலில் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டம், பிறகு நாமக்கல், சேந்தமங்கலம். கொல்லிமலை வெயிலில் வெளுத்துப்போய்க் கிடந்தது. பெரும்பாலான குழிகள் என் ரிக் போட்டவை, அதனால் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. வாழப்பாடி பக்கம் போனால் பேச்சே மாறிவிடும். அங்கே ஒரு தோட்டக்காரர் பாட்டிலை உற்றுப் பார்த்துவிட்டு, “இன்னாங்க, தண்ணிக்குப் பாஸ்போர்ட்டு எடுத்தாச்சா?” என்றார். எனக்கே அப்போதுதான் பாஸ்போர்ட் நினைவு வந்தது.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் நல்லம்மாளின் தோட்டம். அந்தக் குழியில்தான் உப்பு எல்லாவற்றையும்விட அதிகம், அதை மறக்கவே கூடாது என்று பாவாயி அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள். நல்லம்மாளுக்கு விஷயத்தைச் சொன்னேன்.

“ஏனுங்கண்ணா, எங்கூட்டுத் தண்ணி சீமைக்குப் போகுதுங்களா!” என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். “கடல் தாண்டிப் போறது, வெறுமனே அனுப்பலாமுங்களா?”

பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தப் போனேன். திரும்பி வந்தால் பாட்டிலின் மேல் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். புது லாரிக்கு வைப்பது போல. நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு மூடியைத் திருகி மெழுகு வைத்தேன். மெழுகு வைப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

விமானத்தில் பாட்டில் பையை மேலே வைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவர்கள் கொடுத்த சாப்பாடு குளிர்ந்த ரொட்டியும் பேர் தெரியாத பச்சையும். வீட்டில் கட்டிக் கொடுத்த புளிசாதத்தைப் பிரித்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரம்மா மோப்பம் பிடித்துத் திரும்பினாள். அவள் தட்டில் ஒரு கை சோறு வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டாள். மடியில் அத்தனை தண்ணீர் வைத்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டியது அன்றுதான்.

லண்டனில் இறங்கியதும் மாட்டினேன். சுங்க அதிகாரி பையைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நான் தமிழில் விளக்கினேன். அவர் இங்கிலீஷில் கேட்டார். இரண்டு பேரும் சத்தத்தைக் கூட்டினோம். அங்கே சாமான் வண்டி தள்ளிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் ஓடி வந்தார்.

“ஐயா, இதுக்குள்ள என்ன எண்டு கேக்கிறார்.”

“தண்ணி தம்பி. போர்வெல் தண்ணி.”

அவர் அதைச் சொன்னார். அதிகாரி ஜன்னலைக் காட்டினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“இஞ்ச தண்ணி இல்லையெண்டோ கொண்டு வந்தனீங்கள் எண்டு கேக்கிறார். ஒண்டைத் திறந்து குடிச்சுக் காட்டட்டாம்.”

திறந்தால் அந்தப் பாட்டில் கெட்டது. ஒரு பாட்டில் கெட்டால் என் மகள் எழுதியதில் ஒரு ஓட்டை விழும். “என்னை வேணும்னா திருப்பி அனுப்பச் சொல்லு தம்பி, பாட்டிலைத் தொடக்கூடாது” என்றேன். தம்பிக்கே பயம் வந்துவிட்டது. அப்போது நினைவு வந்தது: பாவாயிக்கு ஒரு வாய் நம் வீட்டுத் தண்ணீர் கொடுக்கலாமே என்று தனியாக ஒரு பாட்டில் எடுத்து வந்திருந்தேன். அதைத் திறந்து கடகடவென்று பாதி குடித்தேன். பாவாயியின் பேராசிரியர் முன்பே எழுதி அனுப்பியிருந்த கடிதத்தையும் நீட்டினேன். அதிகாரி படித்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், பையை மூடினார். “நல்ல தண்ணியோ எண்டு கேக்கிறார்” என்றார் தம்பி. “அதைக் கண்டுபிடிக்கத்தான் போறேன்னு சொல்லு” என்றேன்.

அங்கிருந்து வடக்கே ரயில். நம் ஊர் ரயில் தாமதமாகும், ஆனால் முழுசாக ஒரே ஊருக்குப் போகும். அங்கே ஒரு ஸ்டேஷனில் வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் அனுப்புகிறார்கள். நான் வேறு ஊருக்குப் போகிற பாதியில் உட்கார்ந்து கட்டைவிரலால் பாட்டில் மெழுகைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டு வந்து டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கத்தினார், பிறகு என் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டார். ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் ஓடினோம். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

பாவாயி ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் காலில் விழப் போனாள், பிறகு பையைப் பார்த்தாள்.

“ஒண்ணும் ஒடயலீங்களாப்பா?”

“அப்பன் ஒடஞ்சானான்னு கேளு சாமி மொதல்ல” என்றேன். அவள் சிரித்தபோதுதான் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

அந்த ஊர் முழுக்கக் கல் கட்டடம். நம் பாறைக்கு அண்ணன் மாதிரி கல். ஒரு சுவரைத் தட்டிப் பார்த்து, இதில் துளை போட ஒரு பொழுது ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் இந்த ஊரில் துளை எதற்கு? வானத்திலிருந்து வருகிறது, மலையிலிருந்து வருகிறது, குழாயில் வருகிறது. இத்தனை தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்துதான் என் மகள் எங்கள் வறண்ட காட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். பொழுதும் அங்கே சாயவே மாட்டேன் என்கிறது. ராச்சாப்பாடு சாப்பிடும்போது வெயில் அடிக்கிறது. காலையில் வீட்டுக்கார அம்மாள் ஓட்ஸ் கஞ்சி கொடுத்தாள். கம்மங்கூழின் வெளுத்த தம்பி. உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் கேட்டேன். மோர் என்றால் என்ன என்று புரியவைக்கப் பாவாயி பட்ட பாடு! சாயங்காலம் அவள் அரிசியும் பருப்பும் போட்டு ஒரே சோறாக ஆக்கினாள். நெய் நான் கொண்டு போனது. அந்த வாசனைக்கு மாடியில் இருந்தவர்களெல்லாம் கதவைத் திறந்தார்கள்.

மறுநாள் அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனோம். நீளமான நடையில் போய்க்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ, “நாச்சிமுத்து!” என்று கூப்பிட்டார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு கடல் தாண்டி வந்த இடத்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் எவன்? “ஆருங்க?” என்று திரும்பினேன். பக்கத்தில் பாவாயியும் திரும்பினாள். கூப்பிட்ட பெண்பிள்ளை என்னைக் கவனிக்கவே இல்லை. பாவாயியிடம் ஏதோ காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

“இங்கெல்லாம் கடைசியா வர்ற பேருதானுங்கப்பா பேரு” என்றாள் பாவாயி. “நம்ம ஊர்ல நா. பாவாயி. இங்க பாவாயி நாச்சிமுத்து. அதனால மிஸ் நாச்சிமுத்து.”

“அப்ப நான் வந்திருக்கறேன்னே எல்லாரும் நெனப்பாங்களே.”

“நீங்க வந்துதான் வருசக்கணக்காச்சுங்களே இங்க” என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்குப் பூராவும் யார் கூப்பிட்டாலும் நானும் திரும்பிப் பார்த்தேன்.

பாட்டில்களை வரிசையாக வைத்தாள். மெழுகைக் கீறி, மூடியைத் திறந்து, கொஞ்சம் ஊற்றி, அதில் ஒரு குச்சியை முக்கினால் மெஷினில் நம்பர் வருகிறது. ஒவ்வொன்றாக வந்தது. கோடையில் உப்பு கூடித்தான் இருந்தது. மொட்டைக் கடுதாசிக்காரர்களுக்குச் சரியான பதில் என்று நான் தொடையைத் தட்டிக்கொண்டேன். நல்லம்மாளின் பாட்டில் வந்தது. பாவாயி அதைத் தூக்கிப் பிடித்தாள். அடியில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது.

“அப்பா, இதுக்குள்ள என்னுங்க?”

முகர்ந்து பார்த்தேன். மஞ்சள். அந்தப் புண்ணியவதி பாட்டிலுக்கு வெளியே தடவியதோடு விடாமல், போகிற வழிக்கு உள்ளேயும் ஒரு சிட்டிகை போட்டிருக்கிறாள். அதற்கு மேல் நான் மெழுகு வைத்திருக்கிறேன், ஒரு தூசு புகாத அளவுக்கு.

பாவாயி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கிணறு அவளுக்கு உயிர். ஆழமும் அதுதான் அதிகம், உப்பும் அதுதான் அதிகம். மற்றக் கிணறுகள் சொல்வதை உறுதியாக்குவது அதுதான். இருந்தாலும் வடிகட்டி, குச்சியை முக்கிப் பார்த்தாள். நம்பர் எங்கே வர வேண்டும் என்று நினைத்தாளோ அங்கேயே வந்தது.

“அப்பறம் என்ன? நம்பர் நல்லாத்தான வருது, போடு சாமி” என்றேன்.

“போடக்கூடாதுங்கப்பா.”

“மஞ்சத்தூளு தண்ணியக் கெடுக்குமா? காயத்துக்குப் போடறது, சாமிக்குப் போடறது. ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமுங்களே.”

“ஊருக்குப் போய் மறுபடி புடிச்சுட்டு வாரேன்.”

“நீங்க போய்ட்டு வர்றதுக்குள்ள அங்க மழை வந்துருமுங்கப்பா. கோடைத் தண்ணி போச்சு.”

“அப்ப உன்ற உதவித்தொகை? உன்ற பட்டம்?”

அவள் அந்தப் பாட்டிலை மூடி ஓரமாக நகர்த்தி வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. கடலைத் தாண்டிக் கொண்டு வந்ததை ஒரு சிட்டிகை மஞ்சளுக்காகக் கொட்டுவதா? பேராசிரியரைப் பார்க்க வேண்டும் என்றேன். முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட கோட்டு மாட்டிய பெரியவர் அவர். பாவாயி மஞ்சள் கதையை முழுக்கச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவர் சொன்னதை அவளே எனக்குத் தமிழில் சொன்னாள்: “பேப்பர் உன்னுடையது. நீதான் முடிவு செய்ய வேண்டும்.”

அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள் என்று அவள் நாடியை, நிமிர்ந்து நின்ற அந்த முகவாயைப் பார்த்தே தெரிந்தது. அது என் நாடி. புழுதி பறக்கிற குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னும் ஒரு ராடு இறக்கு என்று சொல்கிற நாடி.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துத்தான் பேப்பர் எழுதுவது என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். அவள் எழுதிக் கொடுப்பாள், பேராசிரியர் சிவப்பு மசியால் அடித்துக் கொடுப்பார். முதல் பக்கத்தில் தண்ணீரின் பெருமையை அழகாக எழுதியிருந்தாள். அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே கோடாக அடித்துவிட்டார். மேல்மண்ணைத் தள்ளிவிட்டுப் பாறையில் தொடங்கச் சொல்கிறார் என்றேன். பாவாயி சிரித்துவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினாள். படங்களைக் கறுப்பு மசியில் வரைவாள், கை நடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. டைப் அடிப்பாள், ஒரு எழுத்துத் தப்பினால் வெள்ளை பூசுவாள், வெள்ளை அதிகமானால் பக்கத்தையே கிழிப்பாள்.

எனக்கு வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

“ஆழம் கூடக் கூட உப்பும் கூடக்கூடும்.”

“அதென்ன கூடக்கூடும்? கூடுதுன்னு சொல்லு.”

“நல்லம்மாக்கா கிணறு இருந்திருந்தா சொல்லலாமுங்கப்பா. இப்ப அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

ஆக ஒரு சிட்டிகை மஞ்சள் ‘கூடுகிறது’ என்பதைக் ‘கூடக்கூடும்’ ஆக்கிவிட்டது. நான் இப்படிப் பேசியிருந்தால் வாழ்நாளில் ஒரு குழி ஆர்டர் பிடித்திருக்க மாட்டேன். தண்ணீர் வரக்கூடும் என்று சொல்கிறவனுக்கு எவன் ரிக் வண்டியைத் தோட்டத்துக்குள் விடுவான்?

“கோடைக்காலத்தில் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன.”

“ஆரு சேகரிச்சது?”

“அதை எழுதறதில்லைங்கப்பா. நான், நீங்கன்னு எல்லாம் வராது.”

“பிளாஸ்டிக் பாட்டில்களில் நிரப்பப்பட்டன. ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு வரப்பட்டன.”

“பட்டது, பட்டதுன்னா எல்லாம் தானாப் பட்டுக்கிச்சா? சித்திரை வெயில்ல பட்டது நானு. லண்டன்ல பட்டது நானு.”

அவள் டைப்ரைட்டர் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். “கடைசியில நன்றின்னு ஒரு பத்தி வருமுங்கப்பா. அங்க போடறேன்” என்றாள். அதை நான் ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் அந்த வரியையும் எழுதினாள்: ஒரு கிணற்றின் தண்ணீரில், பிடித்த இடத்திலேயே மஞ்சள் கலந்துவிட்டதால், அது கணக்கில் சேர்க்கப்படவில்லை. பிறகு உறையில் போட்டு, இரண்டு பேரும் மழையில் நனைந்துகொண்டு போய் சிவப்புத் தபால் பெட்டியில் போட்டோம். எனக்கு விசா முடிந்தது. பதில் தெரியாமலே ஊருக்கு வந்தேன்.

வந்த பிறகு தினமும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கந்தசாமி கடையில், “பேப்பர் போட்டாச்சுங்களா மாமா, இல்ல சைக்கிள் பஞ்சருங்களா?” என்று தினம் ஒரு கேள்வி. கோடை முடிந்தது, ஆடிக்காற்று முடிந்தது, ஐப்பசி மழை தொடங்கியது. உதவித்தொகை தீர்வதற்கு முன்னால் கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். மொட்டைக் கடுதாசிக்காரர்களில் ஒருவர் எழுதியதைப் பாவாயி தமிழில் எழுதி அனுப்பியிருந்தாள்: “ஒரு பாட்டிலை விலக்கியதையும் அதன் காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அதனாலேயே மற்றப் பாட்டில்களை நம்புகிறேன்.” அதைப் படித்த அன்று, பேர் சொல்லாத அந்த மனிதருக்காக மலைக்கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தேன். அர்ச்சனைக்குப் பேர் கேட்டார்கள். கடுதாசிக்காரர் என்று சொன்னேன்.

பட்டம் வாங்கிக்கொண்டு பாவாயி ஊர் வந்து சேர்ந்தாள். பின்னாலேயே அச்சான பேப்பரும் வந்தது. நேரே டீக்கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே ரங்கசாமி வாத்தியார் இருந்தார், ரிட்டயர்டான இங்கிலீஷ் வாத்தியார். லாரி போர்டு படிக்கிற அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். மேலே பெரிய எழுத்தில் என் பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். பி. நாச்சிமுத்து!

“மாமா பேரு சீமைப் புஸ்தகத்துல!” என்று கந்தசாமி கிளாசை வைத்துவிட்டு வந்தார். அன்றைக்கு எனக்கு டீ அவர் செலவு. வாத்தியார் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். கூடக்கூடும் வந்தது. பட்டன, பட்டன என்று எல்லாம் வந்தது. மஞ்சள் வரி வந்தபோது கடையே கைதட்டியது. பக்கத்தில் இருந்த இன்னொரு ரிக் முதலாளி மட்டும், “ஏனுங்கண்ணா, ஆழமாப் போட்டா உப்புன்னு உங்க புள்ளையே எழுதுனா, நம்ம பொழப்பு என்னாகறதுங்க?” என்றார்.

“போடறதுக்கு முன்னால தண்ணிய டெஸ்ட் பண்ணிக் குடு. பொழப்பு கெடாது” என்றேன்.

கடைசியில் நன்றிப் பத்தி. காதைத் தீட்டிக்கொண்டேன். பேராசிரியருக்கு நன்றி. உதவித்தொகை கொடுத்தவர்களுக்கு நன்றி. மெஷினைப் பார்த்துக்கொண்டவருக்கு நன்றி. முடிந்தது. “அவ்வளவுதானுங்க” என்றார் வாத்தியார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். பாவாயி முகம் சுண்டிவிட்டது. “நானு எழுதியிருந்தனுங்கப்பா. மாதிரிகளைக் கொண்டு வந்த நாச்சிமுத்து அவர்களுக்கு நன்றின்னு. மேல எழுதுனதும் நாச்சிமுத்து, கீழ நன்றி வாங்கறதும் நாச்சிமுத்து. தனக்குத் தானே நன்றி சொல்லிக்கறாளாட்டம் இருக்குதுன்னு அச்சாபீசுல எடுத்துப்போட்டாங்க. நான் பாக்கறதுக்குள்ள அச்சாயிருச்சு.”

சரி, மேலேதான் பெரிதாக இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பிறகு எங்கள் வீட்டுக்குத் தபால் கார்டுகள் வரத் தொடங்கின. ஜெர்மனி, ஜப்பான், எங்கெங்கோ இருந்து. உங்கள் பேப்பரில் ஒரு பிரதி அனுப்புங்கள் என்று கேட்பது அந்தத் தொழிலில் வழக்கமாம். எல்லாவற்றிலும் ‘டாக்டர் பி. நாச்சிமுத்து’. ஒன்றில் ‘திரு’ வேறு. தபால்காரர் வாசலில் நின்று, “டாக்டரய்யா, எனக்கு முட்டி வலிக்குதுங்க, ஒரு ஊசி போடுங்க” என்றார். முதல் கார்டுக்குச் சிரித்தேன். அடுத்ததற்கும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. நம் ஊரில் அப்பன் இனிஷியல், பிள்ளைதான் பேர். அங்கே தலைகீழாக்கிவிட்டார்கள். மெஷின் முன்னால் உட்கார்ந்து, நல்ல நம்பரை வேண்டாம் என்று தள்ளியவள் ஒரு புள்ளி வைத்த எழுத்தாகிவிட்டாள். அந்த நம்பரைப் போடு என்று சொன்னவன் முழுப்பேராக நிற்கிறேன்.

யாரும் கொடுக்காமல் எல்லாம் சம்பாதித்தவன் நான். அடுத்தவர் கணக்கில் வருகிற பேர் எனக்கு வேண்டாம். எனக்குச் சேர வேண்டியதை விடவும் மாட்டேன்.

பாவாயி இப்போது இரண்டாவது பேப்பர் எழுதுகிறாள். நல்லம்மாள் தோட்டத்துக் கோடைத் தண்ணீரை இந்த வருஷம் மறுபடி பிடித்தாயிற்று. நல்லம்மாளை மோட்டார் ரூமுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் பிடித்தேன். அந்தப் பேப்பரை அச்சடிக்கப் போகிறவர்களுக்கும், சிவப்பு மசிப் பேராசிரியருக்கும், என் மகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மேலே பாவாயி என்று முழுசாகப் போடுங்கள், நான் இனிஷியலில் ஒண்டிக்கொள்கிறேன். கீழே நன்றியில் என் பேரை முழுசாகப் போடுங்கள்: திருச்செங்கோடு நாச்சிமுத்து, இந்தத் துளைகளில் பெரும்பாலானவற்றைப் போட்டவர், இவற்றின் தண்ணீரைப் பிடித்துக் கடல் தாண்டிக் கொண்டு வந்தவர். உப்புத் தண்ணீர் வருகிற துளையைப் போட்டதையும் சேர்த்தே போடுங்கள், அதுவும் நான்தான். மஞ்சளுக்கு ஒரு வரி கொடுத்தவர்கள் எனக்கும் ஒரு வரி கொடுக்கட்டும்.

அந்த வரியில் மட்டும் ‘கொண்டு வந்திருக்கக்கூடும்’ என்று எழுத வேண்டாம். கொண்டு வந்தேன்.